லைட் எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

"பேட்டரி நல்லாத்தாங்க இருக்கு. லைட் எரியுது, ஹாரன் அடிக்குது. செல்ஃப்தான் எடுக்கல." ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்பவர் சொல்வதில் பொய் ஏதுமில்லை. லைட் எரிவதும் உண்மை, ஹாரன் அடிப்பதும் உண்மை. அதை வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதில்தான் சிக்கல்.

காருக்குள் எரியும் சின்ன விளக்கு 5 வாட். அதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். முன் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 110 வாட். ஏறக்குறைய 9 ஆம்பியர். ஒரு சிறிய பெட்ரோல் காரின் இஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்கு 100 முதல் 150 ஆம்பியர் வேண்டும். நின்றுகொண்டிருக்கும் மோட்டார் முதல் அசைவுக்கு இழுப்பது அதற்கும் மேல். வீட்டில் ஏசி, வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் நான்கையும் ஒரே நேரத்தில் ஓட விட்டாலும் மீட்டர் வழியாக வருவது 25 ஆம்பியரைத் தாண்டாது. அதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம், மடியில் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பெட்டியிலிருந்து, சாவியைத் திருப்பிய கணத்தில் கிளம்ப வேண்டும். லைட்டுக்குக் கொடுக்க முடிகிற பேட்டரிக்கு செல்ஃபுக்கும் கொடுக்க முடியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1859-இல் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்து உருவாக்கியதன் வழித்தோன்றல்தான் இன்றும் நம் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2.1 வோல்ட், மொத்தம் 12.6. ஒவ்வோர் அறையிலும் ஒரு பக்கம் பஞ்சு போன்ற ஈயம், மறுபக்கம் ஈய டை ஆக்சைடு. மின்சாரம் வெளியேறும்போது இரண்டுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன. சார்ஜ் ஏறும்போது பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இதில் 2011-இல்தான் வெளிச்சத்துக்கு வந்த ஒரு செய்தி உண்டு. ஈயத்துக்கு நேர் மேலே, தனிம அட்டவணையின் அதே நெடுவரிசையில் இருப்பது வெள்ளீயம். வேதியியல் குணத்தில் இரண்டும் நெருங்கிய உறவு. ஆனாலும் வெள்ளீயத்தை வைத்து இப்படியொரு பேட்டரியை யாராலும் செய்ய முடியவில்லை. ஏன்? ஈய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள். அவ்வளவு பலமான ஈர்ப்பில் சிக்கிய உள்ளடுக்கு எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 60 சதவீத வேகத்தில் இயங்குகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிகளை ஒதுக்கிவைத்துக் கணக்குப் போட முடியாது. அதன் விளைவு வெளியடுக்கு வரை பரவி, அங்குள்ள இரண்டு எலக்ட்ரான்களைக் கருவோடு இறுக்கிப் பிடிக்கிறது. அந்த இரண்டையும் பறிகொடுத்த நிலையில் டை ஆக்சைடில் இருக்கும் ஈயம், அவற்றைத் திரும்பப் பெறத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் வோல்டேஜ். ஹெல்சின்கியைச் சேர்ந்த பெக்கா புய்க்கோவும் அவருடைய சகாக்களும் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஓர் அறையின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியலால் கிடைப்பது என்று தெரிந்தது. சார்பியல் என்ற ஒன்று இயற்கையில் இல்லாதிருந்தால் நம் 12 வோல்ட் பேட்டரி 2 வோல்ட்டைச் சுற்றித்தான் நின்றிருக்கும். காலையில் பால் வாங்கப் போகக் காரைக் கிளப்புகிறவருக்கும் ஐன்ஸ்டைனின் விதி உழைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பு அடங்குவதில்லை.

பேட்டரி இருந்தும் பல ஆண்டுகள் கார்களைக் கையால் சுற்றித்தான் கிளப்பினார்கள். நம் ஊரிலும் பழைய அம்பாசடர்களில் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றிய காலத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இஞ்சின் சட்டென்று எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறியும். இஞ்சினைச் சுற்றும் அளவுக்குப் பலமுள்ள மின் மோட்டார் காருக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்றுதான் அன்றைய பொறியாளர்கள் நினைத்தார்கள். அமெரிக்காவில் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்திப் பழகிய சார்லஸ் கெட்டரிங் வேறு மாதிரி யோசித்தார். கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி உழைத்துவிட்டு ஓய்ந்துவிடும். ஒரு நொடிக்கு என்றால் சின்ன மோட்டாரிடமும் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம், சூடாவதற்குள் நிறுத்திவிட்டால் போதும். 1912 மாடல் கேடிலாக் கார்களில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. இன்றைய செல்ஃப் மோட்டாரும் அதே கணக்கில்தான் வாழ்கிறது. சாவியைப் பிடித்தபடி பத்து நொடிக்கு மேல் சுற்றக் கூடாது என்று மெக்கானிக்குகள் எச்சரிப்பதற்குக் காரணம் இதுவே. சென்னை பாடியில் 1961 முதல் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் ஆலையிலிருந்து இந்த மோட்டார்கள் நாடு முழுக்கப் போகின்றன.

இனி, கார் கிளம்பாத நேரத்தில் அது எழுப்பும் ஒலிக்கு வருவோம். காது கொடுத்துக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

சாவியைத் திருப்பியதும் மின்சாரம் நேரடியாக மோட்டாருக்குப் போவதில்லை. மோட்டாரின் முதுகில் சின்ன உருளையாகச் சொலினாய்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுப்பதற்கு. மற்றொன்று இழுத்ததைப் பிடித்துவைப்பதற்கு. தண்டு உள்ளே போகும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒரு சிறிய பல்சக்கரம் முன்னே தள்ளப்பட்டு இஞ்சினின் பெரிய பல்வளையத்தோடு கோத்துக்கொள்கிறது. தண்டின் மறுமுனையில் உள்ள செம்புத் தகடு இரண்டு தடித்த முனைகளைத் தொட்டு, பேட்டரியின் முழு மின்னோட்டத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. இழுக்கும் சுருளின் ஒரு முனை மோட்டார் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. செம்புத் தகடு இணைந்ததும் அந்தச் சுருளின் இரு முனைகளிலும் ஒரே வோல்டேஜ் வந்துவிடுவதால் அதில் மின்சாரம் தானாகவே நின்றுபோகிறது. வேலை முடிந்த சுருள் தானே விலகிக்கொள்கிறது. அதற்கென்று தனி சுவிட்ச் கிடையாது. யார் மனதில் முதலில் உதித்ததோ, மிக அழகான ஏற்பாடு.

"டக்டக்டக்டக்" என்று இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சத்தம் வந்தால், சொலினாய்டு இழுக்கிறது என்று பொருள். செம்புத் தகடு இணைந்த மறுகணம் நூறு ஆம்பியருக்கு மேல் பாய முயல்கிறது, வோல்டேஜ் சரிகிறது, பிடித்துவைக்கும் சுருளுக்குப் பலம் போதவில்லை, ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் மீள்கிறது. சொலினாய்டு மறுபடி இழுக்கிறது. பெரும்பாலும் பேட்டரி இறங்கிப்போனதன் அடையாளம் இது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல வேண்டும். டெர்மினலில் உப்புப் பூத்திருந்தாலும், எர்த் வயர் தளர்ந்திருந்தாலும், பிடித்துவைக்கும் சுருள் அறுந்திருந்தாலும் இதே சத்தம் வரும். இந்தச் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் புது பேட்டரி எழுதிக் கொடுப்பவரிடம் கொஞ்சம் நிதானிக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கனமான "டக்", பிறகு அமைதி. பல்சக்கரம் கோத்துக்கொண்டது, மோட்டார்தான் சுற்றவில்லை. இப்போது முன் விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால், பேட்டரிக்குச் சக்தி இல்லை, அல்லது பேட்டரி முனையில் இணைப்பு சரியில்லை, அல்லது மோட்டார் இறுகிப்போயிருக்கிறது. சுற்றும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கி வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். சுற்றாத மோட்டாருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் இறுகிய மோட்டார்தான் மிக அதிகமாக இழுக்கும். விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்தால், மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. செம்புத் தகடு தீய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செல்ஃப் மேல் ஸ்பேனரால் லேசாகத் தட்டியதும் கார் கிளம்பிவிட்டால், அது பெரும்பாலும் தேய்ந்த பிரஷ் கடைசியாக ஒருமுறை மோட்டாரின் சுழலும் பகுதியைத் தொட்டதால்தான். அன்றே கடைக்குப் போய்விடுவது நல்லது.

எந்தச் சத்தமும் இல்லையென்றால் சொலினாய்டுக்கே கட்டளை போய்ச் சேரவில்லை. இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஃப்யூஸ், கிளட்ச் மிதிக்கு அடியில் உள்ள சுவிட்ச், ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச் என்று வரிசையாகத் தேட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் "பார்க்"கில் எடுக்காத கார் "நியூட்ரல்" நிலையில் எடுத்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று.

இவ்வளவும் காதாலும் கண்ணாலும். இனி வருவது மல்டிமீட்டரால், இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பேட்டரியில் மீட்டரை வைத்ததும் 12.6 காட்டுகிறது. 12.6 என்றால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். செல்ஃபின் பெரிய போல்ட்டில் வைத்தாலும் அதே 12.6. அப்படியானால் பேட்டரியும் வயரும் சரி என்றுதானே தோன்றும்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மீட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அந்த அளவுக்கு வயரில் ஒரே ஓர் இழை அறுபடாமல் இருந்தாலே போதும், மீட்டர் முழு வோல்டேஜையும் காட்டிவிடும். வடம் நைந்திருப்பது தேர் நிலையில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது; இழுக்கும்போதுதான் தெரியும். காரிலும் செல்ஃப் இழுக்கும் அந்த ஓரிரு நொடிக்குள் அளந்தால்தான் பழுது பிடிபடும்.

ஒருவர் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். கியர் நியூட்ரலில். இஞ்சின் கிளம்பிவிடாமல் இருக்க ஃபியூயல் பம்பின் ஃப்யூஸ் கழற்றப்பட்டிருக்கிறது. எலக்ட்ரீசியன் மீட்டரின் சிவப்பு ஊசியைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில், ஈயக் குமிழின் நடு உச்சியில் அழுத்தி வைக்கிறார். கறுப்பு ஊசியை எர்த்துக்குக் கொண்டுபோகவில்லை. அதே குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வைக்கிறார். இரண்டு ஊசிகளுக்கும் நடுவே அரை அங்குலம்கூட இல்லை. உலோகத்தோடு உலோகம் ஒட்டிய இடம். மீட்டரில் 0.00. "அடிங்க தம்பி" என்கிறார். சாவி திரும்புகிறது, எண் 2.1-க்குத் தாவுகிறது. பன்னிரண்டில் இரண்டு வோல்ட், அந்த அரை அங்குலத்துக்குள் காணாமல் போய்விட்டது. கிளாம்ப்பைக் கழற்றினால் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருந்தது.

கணக்குப் போட்டால் விஷயம் எளிது. ஜெர்மானிய ஆசிரியர் கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிதான்: இழக்கும் வோல்டேஜ் என்பது மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கினால் வருவது. அந்தப் படலத்தின் தடை ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். முன் விளக்கு எரியும்போது இழப்பு 0.18 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் 100 ஆம்பியர் இழுக்கும்போது இழப்பு 2 வோல்ட். அதே இணைப்பு, அதே தடை. லைட்டுக்கு நல்ல வயராகவும் செல்ஃபுக்கு அறுந்த வயராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. அந்த 2 வோல்ட்டும் 100 ஆம்பியரும் சேர்ந்து 200 வாட் வெப்பமாக அங்கேயே இறங்குகின்றன. நாலைந்து முறை அடித்துப் பார்த்துவிட்டு இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும் பழைய கைகள், மீட்டர் இல்லாமலே பழுதைக் கண்டுபிடிப்பது இதனால்தான். சுடுகிற இடம் எதுவோ, பழுது அங்கே.

இதே முறையில் மற்ற தூரங்களையும் அளக்கலாம். சாவி திரும்பியிருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால், பேட்டரி நிறைந்திருந்தும் இப்படி என்றால், பேட்டரிதான் நோயாளி. பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரை அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது. நெகட்டிவ் குமிழிலிருந்து இஞ்சின் உடம்பு வரை கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் அளப்பதே இல்லை. போன மின்சாரம் திரும்பி வரவும் வழி வேண்டும். இஞ்சின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. இஞ்சினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் போகும் பின்னல் பட்டைதான் திரும்பும் பாதை. அது அறுந்துபோனால் நூறு ஆம்பியர் வேறு வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் கம்பி என்று எந்த உலோகம் இஞ்சினையும் பாடியையும் தொடுகிறதோ அதன் வழியே ஓடப் பார்க்கும். காரணம் தெரியாமல் கேபிளின் உறை உருகிக் கிடந்தால், எர்த் பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்படி இணைப்புகள் கெடுவதற்குக் கடற்காற்று ஒரு காரணம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவாகி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பை ஆராய மண்டபம் கடற்கரையில் ஒரு சோதனைக் களமே வைத்திருக்கிறது. கடலோர ஊர்க்காரர்கள் டெர்மினலை வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, உட்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அல்லது வாஸ்லின் தடவிவைப்பது வீண் வேலை இல்லை. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

வெயில் இன்னொரு காரணம். வெப்பம் பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பேட்டரிக்குள் வேண்டாத அரிப்பும் அப்படியே வேகமெடுக்கும், தண்ணீரும் வற்றும். குளிர்நாடுகளில் பேட்டரி பனிக்காலத்தில் உயிரை விட்டாலும், அதற்கான சேதம் பெரும்பாலும் முந்தைய கோடையில் நடந்து முடிந்திருக்கும். நமக்கு ஆண்டின் பெரும்பகுதி கோடைதான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது வேறு கதை. சாவியை "ஆன்" வரை திருப்பியதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி மெல்லிய உறுமல் வர வேண்டும். அது ஃபியூயல் பம்ப். வராவிட்டால் அதன் ரிலே, ஃப்யூஸ். டேஷ்போர்டில் சாவிப் படம் விடாமல் மின்னினால், சாவிக்குள் இருக்கும் சிப்பை கார் அடையாளம் காணவில்லை. சூடான இஞ்சின் கிளம்பாமல், ஆறியபின் கிளம்பினால் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வர வேண்டும். பல கார்களில் இந்த சென்சாருக்கு எதிரே அறுபது பல் வெட்ட வேண்டிய சக்கரத்தில் 58 பற்கள் மட்டுமே இருக்கும். அந்த இரண்டு பல் இடைவெளி கடக்கும் கணத்தை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினி கண்டுகொள்கிறது. சென்சாருக்குள் உள்ள கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து விரிசல் விட்டால் அந்தச் செய்தி நின்றுபோகும். செய்தி வராமல் கணினி பிளக்குக்குத் தீப்பொறியும் கொடுக்காது, பெட்ரோலும் விடாது.

மாலையில் நன்றாக ஓடிய கார் காலையில் செத்துக் கிடந்தால், இரவில் யாரோ மின்சாரத்தைக் குடித்திருக்கிறார்கள். பூட்டிய காரும் முழுதாகத் தூங்குவதில்லை. அலாரமும் கணினிகளும் 50 மில்லி ஆம்பியருக்குள் எடுத்துக்கொள்வது இயல்பு. 35 ஆம்பியர்-மணி பேட்டரியை அது பாதியாக்க இரண்டு வாரம் ஆகும். டிக்கியில் அணையாத ஒரு 5 வாட் பல்பு இரண்டு நாளுக்குள் அதே வேலையை முடித்துவிடும். பின்னாளில் பொருத்திய டேஷ்கேம், ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் கருவிகள்தான் அடிக்கடி மாட்டும் ஆசாமிகள். சில சமயம், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குள் கெட்டுப்போன டயோடு. காரைப் பூட்டி, கணினிகள் அடங்க அரைமணி விட்டு, ஒவ்வொரு ஃப்யூஸின் முதுகிலும் உள்ள இரண்டு புள்ளிகளில் மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்தால், மின்சாரம் ஓடும் ஃப்யூஸ் மட்டும் சின்னதாக ஓர் எண் காட்டும். எதையும் கழற்ற வேண்டாம். இங்கேயும் ஓமின் விதியே துப்பறிகிறது.

அவசரத்துக்குத் தள்ளிக் கிளப்பலாமா? பழைய டைனமோவுக்குத் தன் இரும்பில் தங்கிய காந்தம் போதும். பேட்டரி அறவே இறங்கியிருந்தாலும் சுற்றினால் மின்சாரம் தரும். இன்றைய ஆல்டர்னேட்டர் காந்தமாவதற்கே பெரும்பாலும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வேண்டும்; பம்புக்கும் கணினிக்கும் தனியாக வேண்டும். அதனால் டேஷ்போர்டில் விளக்கே எரியாத காரைத் தெரு முழுக்கத் தள்ளினாலும் பலனிருக்காது. ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளிக் கிளப்பவே முடியாது. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போடுவதே வழி: பாசிட்டிவோடு பாசிட்டிவ், பிறகு நல்ல பேட்டரியின் நெகட்டிவ், கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல் சற்றுத் தள்ளி இஞ்சினின் வெற்று உலோகத்தில். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றி வெடிக்கக் கூடியது.

கிளம்பியதும் கேபிளைக் கழற்றிவிட்டு, இஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். 13.8-க்கும் 14.7-க்கும் நடுவே நின்றால் சார்ஜ் ஏறுகிறது. ஏன் இறங்கியது என்பதை நிதானமாகத் தேடலாம். 12.3 காட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 12.2, 12.1 என்று இறங்கினால், ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. ஏசியையும் ரேடியோவையும் அணைத்துவிட்டு, வழியில் எங்கும் இஞ்சினை நிறுத்தாமல், நேராகக் கடைக்கு ஓட்டுங்கள்.